கடைசிச் செம்பு புல்லுக்கு

மேலே உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், எழுதுவதற்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உயிரோடு இருந்தபோதே எழுத்துத் தெரியாத ஒருத்திக்கு, அவள் போய் எட்டு வருஷம் கழித்து மடல் எழுதுகிறேன். "படிச்சவ புத்தி இப்பிடித்தான் போவும்" என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

இன்று காலை பள்ளிக்கூடத்தின் மேற்கு வரிசை வெட்டிவேர்ப் புல்லை அறுத்தோம். ராபர்ட்சன்பேட்டையில் புதிதாக வீடு கட்டியிருக்கும் ஓர் அம்மாள் தன் கொல்லைப்புறத்துக்கு நான்கு தூர் கேட்டிருந்தாள். அவளுக்காக ஒரு பெரிய தூரைத் தோண்டிப் பிரித்தேன். அதன்பிறகு சீயக்காய் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டேன்; நகக்கண்ணிலிருந்து வேர்வாசம் போகவில்லை. இந்தத் தாளிலும் அது ஏறியிருக்கும்.

சென்னையில் நான் தங்கிப் படித்த விடுதியில், கோடைக்காலத்தில் பெரிய ஜன்னல்களுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். மற்றப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு "ஆகா, என்ன குளிர்ச்சி" என்பார்கள். எனக்கு மட்டும் அந்த வாசம் வந்தவுடன் ஈர முதுகுகளும், துணி துவைக்கும் கல்லும், உன் அதட்டலும்தான் நினைவுக்கு வரும். அதை அவர்களிடம் சொன்னதில்லை. எங்கள் லைனில் பெண்கள் எங்கே குளித்தார்கள் என்று சொன்னால்தானே அது புரியும். அதைச் சொல்ல அப்போது எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது சொல்வேன். தங்கச் சுரங்கக் கூலிக்காரர் லைன் என்றால், தட்டிச் சுவரும் ஓலைக் கூரையுமாக ஒரு வரிசைக்குப் பத்து வீடு. வீடென்றால் ஓர் அறைதான். பின்னால் நான்கு கழி நட்டுச் சாக்கைக் கட்டிய இடம்தான் பத்து வீட்டுப் பெண்களுக்கும் குளிக்கும் இடம். அதை ஒட்டியே சுரங்கக் குழியான ஷாஃப்டுக்குப் போகும் குறுக்குப் பாதை. ஷிஃப்ட் விட்டதும் சுரங்கத்தடியிலிருந்து கேஜ் கூண்டில் ஏறி வந்த ஆண்கள் அந்த வழியாகத்தான் கூட்டமாக வீடு திரும்புவார்கள். நம் அம்மாக்கள் கிழக்கு வெளுக்கும் முன்பே, பல் கிட்டிக்கொள்ளும் குளிரில் குளித்து முடிப்பார்கள். நமக்கு அந்த நேரத்தில் தண்ணீர் மிஞ்சாது. பகலில் குளிக்க வேண்டியிருந்தால், நீ ஒரு பழைய சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நிற்பாய். அப்படி நின்றபடியே, "சீக்கிரம்டி, ஆளு வருது" என்பாய். ஆள் வராவிட்டாலும் சொல்வாய். யாராவது தயங்கி நின்றால் உன் வாய்க்குத் தப்ப முடியாது.

"இன்னா மாமா, காலு போவுது, கண்ணு மட்டும் வராம இங்கயே நிக்குது? எடுத்துகினு போ, வூட்ல அத்தை தேடும்."

அவர் ஓட்டம் பிடிப்பார். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கும் அதேதான். ஆனால் நான் ஒரு சொல் பேசுவதற்குள் நீ பத்து சொல் பேசி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருப்பாய்.

ஆடிக் காற்றில் அந்தச் சாக்கு பிய்த்துக்கொண்டு போன நாளை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. நீ அன்று இல்லை. பாதையில் பத்துப் பதினைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். மறுநாள் நான் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அதே பாதை வழியாகத்தானே பள்ளிக்குப் போக வேண்டும். கேஜுக்கு மணியடிக்கும் வேலையில் இருந்த அப்பா, "போவலன்னா வுடு, பொட்டப் புள்ள படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டார். என் படிப்பு அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீ மட்டும் நினைக்கவில்லை. உன் மாமன் ஊரான பூதிகோட்டைக்குத் திருவிழாவுக்குப் போனவள், நான்கு நாள் கழித்துத் தலையில் ஒரு பெரிய கட்டுப் புல்லோடு வந்து நின்றாய். வேரும் மண்ணுமாக இருந்தது. வழியெல்லாம் ஈரச்சாக்கு சுற்றிக் கொண்டுவந்திருந்தாய்.

பக்கத்து வீட்டு முனியம்மா அத்தைதான் முதலில் வாய் திறந்தாள். "ஊருக்குப் போனவ பொரி, பேரீச்சம்பழம் வாங்கியாருவா. இவ மாட்டுக்குத் தீவனம் வாங்கியாந்துகிறா. மாடு எங்கடி?"

"மாடுங்கதான் தெனம் இந்த வழியா போவுதே அத்தே. அதுங்க கண்ணுக்குத்தான் இது வேலி."

ஏரிக்கரையில் உன் மாமன் வீட்டார் இந்தப் புல்லை வரப்பு ஓரமாக வைப்பார்களாம். ஆள் உயரத்துக்கு வளருமாம், நெருக்கி வைத்தால் கோழிக்குஞ்சுகூட நுழையாதாம். அதைச் சொல்லிக்கொண்டே அரிவாளை எடுத்தாய். அழகாக இடுப்பளவு நின்ற பச்சைத் தாளையெல்லாம் ஒரு சாண் விட்டு வெட்டித் தள்ளினாய். நான் அழுதே விட்டேன். மறைப்புக்கென்று கொண்டுவந்ததை மொட்டையடிக்கிறாளே என்று.

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தல இருந்தா வேரு அதுக்கே ஒழைச்சு சாவும். தலைய எடுத்தாத்தான் காலு ஊணும்."

பிறகு இரண்டு வரிசையாக நட்டாய். முன்வரிசையில் இரண்டு தூருக்கு நடுவே பின்வரிசையில் ஒன்று. "தண்ணிக்கு நிக்கறப்ப முன்னாடி ரெண்டு பேரு தோளுக்கு நடுவுல பின்னாடி இருக்கறவ எட்டிப் பாப்பா இல்ல, அதுமாதிரி" என்று எனக்கு விளக்கினாய். முதல் தூரைத் தெற்கு மூலையில் வைத்து, காலால் மிதித்து இறுக்கினாய். ஆடு கடிக்காமல் இருக்கச் சாணியைக் கரைத்துத் தாளில் தெளித்தாய்.

தண்ணீருக்குத்தான் வழியில்லை. குடிக்கவே ஊற்றுப்பள்ளத்தில் காத்துக்கிடந்து மொண்டு வந்த காலம் அது. புல்லுக்கு யார் ஊற்றுவார்கள்? அப்போதுதான் நீ அந்தச் சட்டத்தைப் போட்டாய். குளிக்கிறவள் எவளாக இருந்தாலும், கடைசிச் செம்பு அவளுக்கில்லை, புல்லுக்கு. தலையில் நுரை மிச்சமிருந்தாலும் சரி. உன்னைவிட நான்கு பங்கு வயதானவர்களுக்கும் இதே சட்டம். முனியம்மா அத்தை ஒருநாள் ஏமாற்றப் பார்த்தாள்.

"அத்தே, உன் முதுகு அழகு ஷிஃப்ட்காரங்க எல்லாருக்கும் தெரியணும்னா ஊத்தாத. எனக்கு இன்னா."

அத்தை திட்டிக்கொண்டே ஊற்றினாள். அந்தத் திட்டில் பாதி தெலுங்கு. மறுநாளிலிருந்து அவளே மற்றவர்களுக்குக் காவல்.

தங்கக்கல் அரைக்கும் மில்லிலிருந்து காற்றில் வந்து படியும் வெள்ளை மணலில் முருங்கை கருகியது. ஆமணக்கு மஞ்சளாகிச் செத்தது. உன் புல் மட்டும் நின்றது. மறு வருஷம் ஐப்பசி மழை முடிந்தபோது என் தலைக்கு மேலே ஊதாநிறக் கதிர் ஆடியது. அன்றைக்கு நட்டநடுப் பகலில், யாரும் சேலை பிடிக்காமல், நான் குளித்தேன். வெளியே ஆண்களின் பேச்சும் நடையும் போய்க்கொண்டே இருந்தன. என்னை யாரும் பார்க்கவில்லை. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒன்றரை வருஷம் வீணாகியிருந்தது, ஆனால் போனேன்.

குளிக்கும் நேரம் போக மற்ற நேரத்தில் அந்த இடம் என் படிப்பறை ஆனது உனக்குத் தெரியும். வீட்டு அறையில் ஆறு பேர் இருந்தோம். புல்லுக்குள்ளே துவைக்கிற கல்லும் நானும் புத்தகமும்தான். பரிசளிக்க வந்த துரைசானி, "வீட்டில் எங்கே அமர்ந்து படிப்பாய்?" என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். "குளிக்கிற இடத்தில்" என்று எப்படிச் சொல்வது?

ஒருநாள் நீயும் உள்ளே வந்து உட்கார்ந்தாய். "இன்னாடி முணுமுணுத்துகினே கீற? எனக்கும் சொல்லு." ஈரக்கல்லில் விரலால் உன் பெயரின் முதல் எழுத்தை எழுதிக் காட்டினேன். நீயும் அதன் மேலேயே எழுதினாய். இரண்டாவது எழுத்துக்குப் போவதற்குள் வெயில் முதல் எழுத்தைக் குடித்துவிட்டது.

"உன் படிப்பு நிக்க மாட்டேங்குதே" என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய், "எம்பேரு மட்டும் போதும்டி. முழுசா எழுதக் கத்துக் குடு."

பரீட்சை முடியட்டும் என்றேன். அந்தப் பரீட்சை முடிந்ததும் அடுத்த பரீட்சை வந்தது. உனக்குக் கல்யாணம் ஆயிற்று. அதே லைனில் நான்கு வீடு தள்ளித்தான் போனாய். ஆனாலும் தண்ணீர் சுமக்கவும் சோறாக்கவும் உன் பொழுது போய்விட்டது. நான் சென்னைக்கு ரயில் ஏறிய அன்று, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு ஸ்டேஷனுக்கு வந்தாய். என் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒரு பிடி வேரைத் துணிகளுக்கு நடுவே செருகினாய். "பூச்சி வராது. எம்பேரு ஞாபகம் கீது இல்ல? வந்து சொல்லித் தரணும்."

வந்து சொல்லித் தருகிறேன் என்றேன்.

அடுத்த வருஷம் அப்பாவுக்காக யாரோ எழுதிய கார்டு வந்தது. மழை இல்லை, அம்மாவுக்கு இருமல், தம்பிக்குச் சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலையில் இடம் கிடைத்தது என்று எழுதி, கடைசி வரியில், இரண்டாம் பிரசவத்தில் காய்ச்சல் கண்டு நீ போய்விட்டதாகவும் பெரிய குழந்தை சுகம் என்றும் இருந்தது. கார்டில் இடம் போதாமல் அந்த வரியை ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கக் கார்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். லைனில் எனக்கு "பி.ஏ. அம்மா" என்று பெயர். கூப்பிடுகிறவர்களுக்கு அதில் பெருமையும் உண்டு, கிண்டலும் உண்டு. மிஷன்காரர்கள் லைன் ஓரத்தில் ஒரு கொட்டகை கொடுத்து, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்து என்றார்கள். கொட்டகைக்கு ஒரு பக்கம்தான் சுவர். மற்ற மூன்று பக்கமும் ஷாஃப்டுப் பாதை வளைத்துக்கொண்டு போகிறது. ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் வந்தார்கள். எட்டைத் தாண்டியவள் ஒருத்திகூட வரவில்லை. உன் மகளுக்கு ஒன்பது வயது ஆகிக்கொண்டிருந்தது.

உன் வீட்டுக்காரரிடம் கேட்கப் போனேன். வாசலில் நின்று தொண்டையைச் செருமவே எனக்கு அரை நாழிகை ஆனது. மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஷிஃப்ட் வுட்டா முந்நூறு பேரு அந்தப் பக்கமா வரான். நானும் அதுல ஒருத்தன். நாங்க இன்னா பேசிகினு வருவோம்னு எனக்குத் தெரியும். அதான் அனுப்பல."

"மறைப்பு இருந்தால்?"

"மறப்பு வெச்சா மறுநாளே அனுப்புறேன். ஆனா எங்கம்மா இப்பவே மாப்ள பேசிகினு கீது. வர்ற பொங்கல் வரைக்கும் தள்ளி வெக்கிறேன். அதுக்கு மேல எங்கையில இல்ல."

அப்போது ஆடி பிறந்திருந்தது. மூங்கில் தட்டி கட்டினால் ஒரே மழைக்காலத்தில் கரையான் தின்றுவிடும். அதுவரை நின்றாலும் யாராவது அடுப்புக்குப் பிய்த்துப் போவார்கள். நான் உன் புல்லிடம் போனேன். பெண்கள் அதை நீ இருந்தபோது போலவே வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு பக்கம் என்று முறைவைத்து அறுத்து, ஒருநாளும் வெட்டவெளியாக விடாமல் காத்திருந்தார்கள். மூன்றுக்கு ஒன்றாகத் தூர் எடுக்கச் சம்மதித்தார்கள். முனியம்மா அத்தை மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து தெற்கு மூலையில் நின்றாள். "எல்லாம் எடுத்துக்கோ. இந்த மூலையில கீறத மட்டும் தொடாத. அது அவ மொத வெச்சது."

அதன்பிறகு நான் செய்ததை உன்னிடம் ஒளிக்கப் போவதில்லை. தாள்களை வெட்டாமலே நட்டேன். பொங்கலுக்கு ஆறு மாதம்கூட இல்லையே, ஆள் உயரப் புல்லை அப்படியே கொண்டுபோய் வைத்தால் அன்றைக்கே மறைப்பு ஆகிவிடுமே என்று கணக்குப் போட்டேன். நட்ட அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் சோலைபோல இருந்தது. உன் வீட்டுக்காரர்கூட நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான்காம் நாள் நுனி சுருண்டது. பத்தாம் நாள் அத்தனையும் வைக்கோலாகப் படுத்துக் கிடந்தது.

"படிச்சவங்க புல்லு, படுத்துட்டுதே" என்று ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் சொன்னது கொட்டகைக்குள்ளே தெளிவாகக் கேட்டது. எனக்குப் பன்னிரண்டு வயதில் கேட்ட அதே சிரிப்பு. பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். அந்த நிலையில்தான் உன் அரிவாள் நினைவுக்கு வந்தது. அன்று அழுத அழுகையில் நீ வெட்டியது மட்டும்தான் கண்ணில் பட்டது. அதற்கு நீ சொன்ன காரணம் மனதில் ஏறவில்லை. தலையை எடுத்தால்தான் கால் ஊன்றும்.

இறந்ததைப் பிடுங்கிப் போட்டேன். பெண்களிடம் இரண்டாம் முறை கேட்பது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது, கேட்டேன். ஆவணி முதல் மழையில், பாதையோரமாக, எல்லார் கண்ணுக்கும் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தூரையும் ஒரு சாண் விட்டு வெட்டினேன்.

தண்ணீர் எடுத்துப் போன ஒருத்தி நின்றாள். "இன்னா பி.ஏ. அம்மா, பட்டணம் போய்ப் படிச்சதுக்குப் புல்லறுக்கற வேலதான் குடுத்தாங்களா?"

நீ பக்கத்தில் இருந்தால் என் சார்பில் பதில் சொல்லியிருப்பாய். இல்லாததால் நானே சொன்னேன். "ஆமாம் அத்தே. உங்க பொண்ணை அனுப்புங்க, அவளுக்கும் கத்துத் தர்றேன். மொதல்ல எழுத்து, அப்புறம் அரிவா."

அவள் சிரித்துவிட்டாள். குடத்தை இறக்கி வைத்து, நான் சரியாக மிதிக்காத இரண்டு தூரை மிதித்துக்கொடுத்துவிட்டுப் போனாள்.

உன் சட்டத்தையும் கொண்டுவந்தேன். காலும் முகமும் கழுவாமல் எந்தக் குழந்தையும் உள்ளே வரக்கூடாது. கழுவும் கல்லை வரிசையின் தலைமாட்டில் போட்டேன். ஓடும் தண்ணீர் தூர் தூராகப் போகும்படி ஒரு சிறு வாய்க்கால் கீறினேன். கடைசிச் செம்பு நேராகப் புல்லுக்கு. கார்த்திகையில் இடுப்பளவு வந்தது. மார்கழிப் பனியிலும் நிற்காமல் வளர்ந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் என் கழுத்துவரை இருந்தது. உயரமான ஆள் எக்கிப் பார்த்தால் கூரை தெரியும். தரையில் உட்காரும் பிள்ளைகள் தெரியமாட்டார்கள்.

உன் வீட்டுக்காரர் சொன்ன நாளுக்கு வந்தார். தனியாக வரவில்லை. சுரங்கப் பாறையில் டிரில் அடிக்கும் கூட்டாளிகள் நான்கு பேரையும் அழைத்து வந்து, பாதையில் இரண்டு முறை மேலும் கீழும் நடந்தார். குனிந்து பார்த்தார். எக்கிப் பார்த்தார். புல்லுக்குள் விரலை விட்டு விலக்கப் பார்த்து, கை கீறிக்கொண்டு எடுத்தார். நான் உள்ளே கூட்டல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சுண்ணக்கட்டி வியர்வையில் குழைந்துவிட்டது.

"ஒண்ணும் தெரியல டீச்சரம்மா," என்றார் வெளியிலிருந்தே. "பேச்சு மட்டும் கேக்குது."

"கேட்கட்டும்," என்றேன். என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை உன் மகள் எண்ணெய் வழிய வாரிய தலையோடு வந்து நின்றாள். அவளோடு எட்டு வயதைத் தாண்டிய இன்னும் மூன்று பேர். கால் கழுவும் இடத்தில் ஒரு சின்னப் பெண் கடைசிச் செம்பைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். நான் வாய் திறப்பதற்குள், "ஏய், அது உனக்கில்ல, புல்லுக்கு" என்று ஓர் அதட்டல் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நின்றேன். அந்தக் குரலை முகம் இல்லாமல் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. கல்யாணப் பேச்சைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு மாப்பிள்ளை தேடுவது உன் மாமியாருக்கு இன்னும் பிடித்த வேலைதான். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படிக்க ஆள் வேண்டுமே, அதனால் பேத்தி கொஞ்சநாள் இருக்கட்டும் என்கிறாளாம். பள்ளியில் இப்போது பெரிய பெண்கள் பதினோரு பேர். லைனுக்கு லைன் வந்து தூர் கேட்கிறார்கள். கொடுக்கும்போதெல்லாம் தலையை வெட்டித்தான் கொடுக்கிறேன். முகம் சுளிப்பவர்களுக்கு உன் சொல்லைச் சொல்கிறேன். கூச்சம் எனக்குப் போய்விடவில்லை. ஆனால் கூச்சத்தோடேயே நின்று பேசலாம் என்று தெரிந்துகொண்டேன். உன் சேலைக்குப் பின்னால் நின்ற பெண் அந்த அளவுக்கு வந்திருக்கிறாள்.

போன வாரம் உன் மகள் சிலேட்டோடு வந்து, "டீச்சர், எங்கம்மா பேரு எப்பிடி எழுதறது?" என்றாள். நான் எழுதிக் காட்டவில்லை. முதல் எழுத்தை மட்டும் சொன்னேன். மற்றதை அவளே கூட்டிக் கூட்டிக் கண்டுபிடித்தாள். சிலேட்டில் எழுதியது அழியும். அதனால்தான் இந்தத் தாளின் தலையில் இடம் விட்டிருக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பழைய குளிக்கிற இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அவளை அங்கே அழைத்துவருவேன். துவைக்கிற கல்லின் மேல் தாளை வைத்து, மையால், உன் பெயரை முழுசாக எழுதுவாள். பிறகு மூலைத் தூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை உனக்குப் படித்துக் காட்டுவாள். உனக்குச் சொல்லித் தருவதாக நான் சொன்ன வாக்கு இப்படித்தான், இத்தனை தாமதமாகத்தான், வந்து சேர்கிறது.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். உன் மகள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். நீளமான சொல் வந்தால் நிற்பாள். விரலை வைத்து மறுபடி முதலிலிருந்து வருவாள். ஒரு பக்கம் முடிய நெடுநேரம் ஆகும். உன் வழக்கப்படி "சீக்கிரம்டி, ஆளு வருது" என்று மட்டும் சொல்லிவிடாதே. வருகிறவர்கள் வந்து போகட்டும். நீ வைத்த புல் ஆள் உயரம் நிற்கிறது. அவள் மெதுவாகப் படிக்கட்டும்.